அம்மா–மகள் மாலை: ஒரு யோசனைத்தாளை வாசித்துப் பார்த்தல்

அமெரிக்கச் சர்ச்சுகளில் சிறுமிகள் குழுவை நடத்தும் பெண்களுக்கிடையே ஒரு வகை எழுத்து கைமாறிக்கொண்டே இருக்கிறது. எழுதியவர் பெயர் இருக்காது. இருந்தாலும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. "அம்மாவும் மகளும் சேர்ந்து மகிழச் சில யோசனைகள்" என்கிற மாதிரி தலைப்பு. கீழே வரிசையாக: ஒருவருக்கொருவர் நகப்பூச்சு பூசுதல், கப்கேக் அலங்காரம், ஒரே துணியில் பெரிதும் சிறிதுமாக இரண்டு ஏப்ரன், தேநீர் விருந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு அம்மாவுக்கு மேக்கப், "உன் அம்மாவை உனக்கு எவ்வளவு தெரியும்" என்று ஒரு கேள்வித்தாள், கடைசியில் ஒரு போட்டோ. போட்டோவுக்குச் சட்டம் ஐஸ் குச்சியில்.

இதை எழுத்து என்றே யாரும் மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். ஒரு சமூகம் தன் பெண் குழந்தைகளுக்கு "அம்மான்னா யாரு" என்று சொல்லிக்கொடுப்பது மேடைப் பிரசங்கத்தில் பாதி, இந்த மாதிரித் தாள்களில் மீதி. பிரசங்கத்தை வாதாடலாம், மறுக்கலாம். கப்கேக்கோடு யார் வாதாடுவார்? அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும்.

எல்லா சபைகளையும் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. உட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பழைய பெயர் மார்மன் சபை. 2018லிருந்து அந்தப் பெயர் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். இவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு சுயநலக் காரணமும் உண்டு. இவர்கள் எதையும் குறித்து வைக்காமல் விடமாட்டார்கள். கூட்டக் குறிப்பு, நாட்குறிப்பு, வருகைப் பதிவு என்று 150 வருடத்துக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். என்னைப் போல வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல சமூகம் கிடைக்காது.

முதலில் ஏற்பாடு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சபையில் சம்பளம் வாங்கும் உள்ளூர்ப் போதகர் கிடையாது. ஒவ்வொரு வார்டிலும், அதாவது உள்ளூர்ச் சபையிலும், எல்லா வேலையையும் உறுப்பினர்களே பகிர்ந்துகொள்கிறார்கள். பிஷப் என்கிற உள்ளூர்த் தலைவரும் பகலில் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ இருப்பார். அவர் தரப்பிலிருந்து ஒரு நாள் கூப்பிட்டு, "8 முதல் 11 வயதுப் பெண் பிள்ளைகளை நீங்க பார்த்துக்கணும்" என்பார்கள். இதற்கு அழைப்பு என்றே பெயர். பயிற்சி பெரிதாக இல்லை. மாதம் இரண்டு தடவை பிள்ளைகளைக் கூட்டி ஏதாவது செய்ய வேண்டும். இடம், சர்ச் கட்டடத்துக்குள் இருக்கும் கலாசாரக் கூடம். கலாசாரம் என்றதும் ஏமாந்துவிட வேண்டாம், அது ஒரு கூடைப்பந்து மைதானம், ஓரத்தில் ஒரு மேடை. அந்த வளையத்துக்குக் கீழேதான் தேநீர் விருந்துக்கு மேஜை போடுவார்கள். (தேநீர் என்பதும் பேச்சுக்குத்தான். இவர்கள் டீயும் காப்பியும் குடிப்பதில்லை. எலுமிச்சைச் சாறோ மூலிகைக் கஷாயமோ இருக்கும்.)

2003 முதல் 2019 வரை இந்தக் குழுவுக்கு ஒரு கைப்புத்தகம் இருந்தது. "ஃபெய்த் இன் காட்" என்று பெயர். சிறுமிகளுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கிட்டத்தட்ட ஒரே புத்தகம். பணத்தைச் சேமிக்கக் கற்றுக்கொள், மரத்திலோ உலோகத்திலோ துணியிலோ ஒரு பொருள் செய், சத்தான ஒரு வேளைச் சாப்பாட்டைத் திட்டமிட்டுச் சமைத்துப் பரிமாறு, கவிதையோ கதையோ எழுது. இதெல்லாம் இரண்டு பேருக்கும் பொது. கடைசிப் பகுதிதான் மாறும். பையனுக்கு ஆசாரியத்துவத்துக்குத் தயாராவது, பெண்ணுக்கு இளம்பெண்கள் அமைப்புக்குத் தயாராவது. ஒரு குழு உட்கார்ந்து, ரொம்ப யோசித்து, எழுதிய புத்தகம் அது.

ஆனால் நடைமுறையில் நடந்தது வேறு. அமெரிக்காவில் அந்த வயதுப் பையன்களுக்குச் சாரணர் இயக்கத்தின் கப் ஸ்கவுட் இருந்தது. சபைக்கும் அமெரிக்கச் சாரணர் இயக்கத்துக்கும் 1913லிருந்து ஒப்பந்தம். அது 2019 டிசம்பர் 31ஆம் தேதிதான் முடிந்தது. பையனுக்குச் சீருடை, பேட்ஜ், விழா, மரக்காரில் பந்தயம், சாரணர் இயக்கத்துக்கென்று வார்டில் தனியாக வசூல். பெண்ணுக்கு மாதம் இரண்டு மாலைகளும் ஒரு கைப்புத்தகமும். அந்தச் சபைப் பெண்களே இதைப் பற்றி வருடக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தில் இருந்த சமத்துவம் கூடத்துக்குள் வரும்போது நகப்பூச்சாக மாறியது என்றால், அதற்குக் குழுத்தலைவியின் ரசனையை மட்டும் குறை சொல்ல முடியாது. இருபது டாலரும் ஒன்றரை மணி நேரமும் கொடுத்தால் நகப்பூச்சுதான் வரும்.

2020 ஜனவரியில் எல்லாம் மாறியது. கைப்புத்தகம் போனது, சாரணர் போனார்கள். பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே திட்டம்: ஆன்மிகம், சமூகம், உடல், அறிவு என்று நான்கு துறை, அவற்றுள் நீங்களே இலக்கு வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே திட்டமிடுங்கள். மேலிடம் வேண்டுமென்றே குறைவாகச் சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் மேலிடம் பேசாத இடத்தில் பெயரில்லாத யோசனைத்தாள் பேச ஆரம்பிக்கும். நாளை மாலைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ராத்திரி உட்கார்ந்திருக்கும் தலைவிக்கு இப்போது அந்தத் தாள்தான் கைப்புத்தகம். அதனால் அதன் பொறுப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

சரி, தாளுக்கு வருவோம்.

கேள்வித்தாள் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இது இல்லாத அம்மா–மகள் மாலையே இல்லை. அம்மாவுக்குப் பிடித்த நிறம் எது, பிடித்த ஐஸ்க்ரீம் எது, பிடித்த பாட்டு எது. மகள் ஒரு தாளில் எழுதுவாள், அம்மா ஒரு தாளில் எழுதுவாள், இரண்டும் பொருந்தினால் ஒரு மார்க். இந்த வடிவம் 1966ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய "நியூலிவெட் கேம்" என்கிற புதுமணத் தம்பதிகள் போட்டியின் அச்சு. அங்கே வேடிக்கை எதில்? பதில் பொருந்தாமல் போவதில், அப்போது புருஷன் முழிப்பதில். இங்கே அந்தக் கூர்மையை எடுத்துவிட்டு, பொருந்துவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விளைவு, அறிவது என்றால் பொருந்துவது என்று ஆகிவிடுகிறது. அம்மாவின் பிடித்த நிறம் நீலம் என்று தெரிந்த பிள்ளை ஜெயித்தாள். அம்மா எதற்குப் பயப்படுவாள், கல்யாணத்துக்கு முன்னால் எந்த ஊரில் என்ன வேலை பார்த்தாள், எதைப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டாள்? இதில் ஒன்றுகூடக் கேள்வித்தாளில் இல்லை. அம்மா யோசிக்காமலே பதில் எழுதக்கூடிய கேள்விகள் மட்டும்தான் இருக்கின்றன. பத்துக் கேள்வியில் ஒன்றாவது அம்மாவைப் பேனாவை வைத்துவிட்டு யோசிக்க வைக்கணும். இல்லையென்றால் மகள் அன்றைக்குத் தெரிந்துகொண்டது ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது மாதிரிதான்.

தாள் முழுக்க வினைச்சொற்களைப் பாருங்கள். அலங்கரி, பூசு, ஒட்டு, சுவை, சிரி. எல்லாம் கைக்கும் முகத்துக்கும் உரிய வினைகள். "கேள்" என்கிற வினை அநேகமாக வருவதே இல்லை.

எல்லாவற்றையும் குறை சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு மேக்கப் போடும் விளையாட்டை நான் முதலில் படித்தபோது இது எதற்கு என்றுதான் தோன்றியது. யோசிக்க யோசிக்க, பட்டியலிலேயே நல்லது இதுதான் என்று படுகிறது. மகளின் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். அவள் தடவித் தடவி அம்மாவின் முகத்தில் உதட்டுச்சாயம் பூசுகிறாள். மூக்கில் பூசுகிறாள், கன்னத்தில் பூசுகிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை அம்மாவின் முகத்தை விரலால் தொட்டுப் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்? கைக்குழந்தையாக இருந்தபோது செய்தது. அதோடு, எப்போதும் பிள்ளையின் முகத்தைத் துடைத்துச் சரிசெய்கிறவள் இங்கே அசையாமல் உட்கார்ந்து கோமாளி ஆகிறாள். அதிகாரம் கொஞ்ச நேரம் இடம் மாறுகிறது. எழுதியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விளையாட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

கல்யாண உடை மாலை என்று ஒன்று உண்டு. அம்மாக்கள் தங்கள் கல்யாண கவுனை எடுத்து வந்து மேடையில் தொங்கவிடுவார்கள், மகள்கள் எது யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். துணி நல்ல சாட்சிதான். எந்த வருடம் என்ன தையல், யார் வாங்கினார்கள், யார் தாங்களே தைத்தார்கள், யார் அக்காவின் உடையைப் பிடித்துத் தைத்துக்கொண்டார்கள் என்று அதிலிருந்து வீட்டுப் பொருளாதாரமே படிக்கலாம். ஆனால் அந்த மேடையில் அம்மாவின் கதை கல்யாணத்தில் ஆரம்பிக்கிறது. அதுக்கு முன்னாடி அவள் யாரோ. விவாகரத்து ஆனவள் எதைக் கொண்டுவந்து தொங்கவிடுவாள் என்பது இன்னொரு கேள்வி. அவளுடைய பிள்ளை அந்த வரிசையில் எதைத் தேடுவாள்?

இந்தச் சபைச் சிறுமிகள் குழுவின் வரலாறு தெரிந்தால் இன்னும் வருத்தமாக இருக்கும். பிரைமரி என்கிற குழந்தைகள் அமைப்பைத் தொடங்கியவர் ஆரேலியா ஸ்பென்ஸர் ராஜர்ஸ், உட்டாவின் ஃபார்மிங்டன் ஊரில், 1878 ஆகஸ்டில். அவருடைய முதல் கவலை பையன்களைப் பற்றியது. ராத்திரியில் ஊர் சுற்றுகிறார்கள், முரடர்களாகிறார்கள், இவர்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் வேண்டாமா? பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று பிறகு அவருக்குத் தோன்றியதற்குக் காரணம் பாட்டு. பாட்டு இல்லாமல் கூட்டம் நிறைவாக இருக்காது, பாட்டுக்குச் சிறுமிகளின் குரல் வேண்டும். முதல் கூட்டத்துக்கு 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். அன்றைக்குச் சொன்ன புத்திமதியை அவரே எழுதி வைத்திருக்கிறார். பையன்கள் அடுத்தவன் தோட்டத்தில் பழம் திருடக் கூடாது. பெண்கள் ஓடுகிற வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு போகக் கூடாது.

வண்டியின் பின்னால் தொங்கியவர்கள்! அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுத்த நூறு வருடம் என்ன செய்தார்கள் என்பதை வகுப்புப் பெயர்களே சொல்லும். 20ஆம் நூற்றாண்டில் பையன்கள் பிரிவுக்கு "ட்ரெயில் பில்டர்ஸ்" என்று பெயர், பாதை அமைக்கிறவர்கள். பெண்கள் பிரிவுக்கு "ஹோம் பில்டர்ஸ்", வீடு அமைக்கிறவர்கள். பிறகு "லிஹோமா" என்று ஒரு பெயர் வந்தது. ஏதோ செவ்விந்தியச் சொல் மாதிரி ஒலிக்கும், ஆனால் "லிட்டில் ஹோம்மேக்கர்ஸ்" என்பதன் சுருக்கம் அது, அதாவது குட்டி இல்லத்தரசிகள். அப்புறம் "மெர்ரி மிஸ்". சாதனை நாள், செயல்பாட்டு நாள் என்றெல்லாம் பெயர் மாறியது பிற்காலத்தில்தான். பெயர் மாறினாலும் யோசனைத்தாள் இன்னும் லிஹோமா காலத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ஏப்ரன் அங்கிருந்து வந்ததுதான்.

இந்தச் சமூகத்தின் பாட்டிகள் செய்த வேலைகளைப் பார்த்தால் ஏப்ரன் எவ்வளவு சின்னது என்று தெரியும். 1842 மார்ச்சில் நாவூ நகரில் தொடங்கிய ரிலீஃப் சொசைட்டி என்கிற பெண்கள் சங்கம், கோவில் கட்டும் தொழிலாளர்களுக்குச் சட்டை தைத்துக்கொடுக்கும் யோசனையிலிருந்து பிறந்தது. உட்டாவுக்குப் போன பிறகு 1876லிருந்து பஞ்ச காலத்துக்கென்று கோதுமை சேமித்தார்கள். பெண்களே களஞ்சியம் கட்டி, பெண்களே கணக்கு வைத்து. 1918ல் போர்க்காலத்தில் அமெரிக்க அரசாங்கமே இவர்களிடம் 2 லட்சம் புஷலுக்கு மேல் கோதுமை வாங்கியது. 1896 தேர்தலில் மார்த்தா ஹியூஸ் கேனன் என்கிற டாக்டர் உட்டா மாநில செனட்டுக்கு ஜெயித்தார். அமெரிக்காவில் மாநில செனட்டரான முதல் பெண் அவர். தோற்றவர்களில் அவருடைய சொந்தப் புருஷனும் ஒருவர். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

எனக்கு மிகவும் பிடித்தது பட்டு. 1870களில் உட்டாவிலேயே பட்டு நெய்ய வேண்டும் என்று சபைத்தலைவர் ப்ரிகம் யங் முடிவெடுத்து, வேலையைப் பெண்கள் தலையில் கட்டினார். பொறுப்பு அவருடைய மனைவிகளில் ஒருவரான ஸைனா டி. ஹெச். யங்குக்கு. ஸைனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே புழு என்றால் அருவருப்பு. அப்படியும் செய்தார். முசுக்கட்டை இலை பறித்து, நறுக்கி, புழுவுக்கு ராத்திரி பகலாகப் போட்டு, வீட்டு அறைகளையே புழுவுக்கு ஒழித்துக்கொடுத்து, தாயும் பிள்ளைகளும் சேர்ந்து பார்த்த வேலை அது. வணிகமாகப் பார்த்தால் தோல்வி. லாபம் என்று ஒன்றும் பெரிதாக வரவில்லை. ஆனால் 1900ல் சூசன் பி. அந்தோணியின் 80வது பிறந்தநாளுக்கு உட்டா பெண்கள் தங்கள் மண்ணில் விளைந்த கறுப்புப் பட்டை உடைக்காக அனுப்பினார்கள். பெண்களின் வாக்குரிமைக்காக வாழ்நாள் முழுக்க அலைந்தவருக்கு, அருவருத்துக்கொண்டே வளர்த்த புழுவின் நூல்.

இதைச் சொல்லிவிட்டு "அந்தக் காலத்துல அம்மாவும் மகளும் எப்படி ஒத்துமையா உழைச்சாங்க" என்று பெருமூச்சு விடப்போவதில்லை. அது உழைப்பு. பிள்ளைகளுக்கு அதில் ஜாலி இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சேர்ந்து செய்ய வேண்டிய வேலை வீட்டிலேயே இருந்தபோது, அம்மா–மகள் மாலை என்று தனியாகத் திட்டம் போட வேண்டிய தேவை இல்லை, அவ்வளவுதான். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் அம்மா அலுவலகத்துக்கும் போன பிறகுதான் இருவரும் சந்திக்க நாள் குறிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேவை உண்மையானது. நான் கேட்பது, நாள் குறித்துச் சந்திக்கிற இடத்தில் பேச்சுக்கு இவ்வளவு குறைந்த சரக்கை ஏன் வைக்கிறீர்கள் என்றுதான்.

அந்த நாள் குறிப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1987ல் அப்போதைய சபைத்தலைவர் எஸ்ரா டாஃப்ட் பென்ஸன் தாய்மார்களுக்கு ஆற்றிய உரை ஒன்று புகழ்பெற்றது. சம்பள வேலையை விட்டு வீட்டுக்கு வாருங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளோடு நேரம் செலவிட 10 வழிகளும் சொன்னார். முதல் வழி, பிள்ளை வீட்டை விட்டுப் போகும்போதும் திரும்பி வரும்போதும் அம்மா அங்கே இருப்பது. நிறைய வார்டுகளில் சிறுமிகள் கூட்டம் பள்ளி விட்டதும், நான்கு மணிக்கு நடக்கும். அம்மா–மகள் நிகழ்ச்சியையும் அதே நேரத்தில் வைத்தால் யாரால் வர முடியும், யாரால் முடியாது? பென்ஸன் சொன்ன அம்மாவால் முடியும். மருத்துவமனையில் ஷிஃப்ட் பார்க்கும் அம்மாவால் முடியாது. அந்தப் பிள்ளைக்கு அந்த மாலை எதைச் சொல்லும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நாற்காலி காலியாக இருக்கும்.

காலி நாற்காலி என்றதும், மென்பொருள் எழுதுகிறவனின் புத்தி ஒன்று உண்டு. ஒரு படிவத்தை வடிவமைத்தால், எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்புகிறவரை வைத்துச் சோதிக்க மாட்டோம். ஒரு கட்டம் வெறுமையாக வந்தால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். யோசனைத்தாளை அப்படிச் சோதித்தால் முதல் வரியிலேயே உடைகிறது. அம்மா இறந்த பிள்ளை. அம்மா விட்டுப்போன பிள்ளை. அப்பா மட்டும் சபைக்கு வரும் பிள்ளை. தத்துக்கு வந்து, பெற்றவளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை. தாளின் அடியில் ஒரு வரி இருக்கும்: அம்மா வர முடியாதவர்கள் பாட்டியையோ அத்தையையோ வேறு ஒரு நல்ல பெண்மணியையோ அழைத்து வரலாம். நல்ல மனதோடு எழுதிய வரிதான். ஆனால் அது விதிவிலக்காக, கடைசியில், சின்ன எழுத்தில் நிற்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் விதிவிலக்கு என்றால் என்ன என்று தெரியும்.

அமெரிக்காவின் அன்னையர் தினம் எப்படிப் பிறந்தது என்று இங்கே ஒரு நிமிடம் பார்க்கலாம். 1908 மே 10, மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊரில், ஒரு மெதடிஸ்ட் சர்ச்சில் முதல் ஆராதனை. அதற்கு ஏற்பாடு செய்த அன்னா ஜார்விஸின் அம்மா 1905லேயே இறந்துவிட்டார். அன்னாவுக்குக் குழந்தைகள் இல்லை. அவர் அனுப்பிவைத்தது 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்கள், அம்மாவுக்குப் பிடித்த பூ. ஆக, அந்த நாளே அம்மா இல்லாத மகள் ஒருத்தி, இல்லாத அம்மாவுக்காக ஏற்படுத்தியது. அம்மா இருக்கிறவர்களுக்கு நிறப்பூ, இறந்தவர்களுக்கு வெள்ளைப்பூ என்று பின்னால் வழக்கமானது. எனக்கு அந்த வழக்கம் பிடித்திருக்கிறது. அதில் இல்லாதவளுக்கும் ஒரு பூ இருக்கிறது, கடைசி வரியில் இல்லை. பூக்கடைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதும் அன்னா வாழ்நாள் முழுக்க அவர்களோடு சண்டை போட்டதும் வேறு கதை.

மறுபடி ஸைனாவிடம் வருகிறேன். ப்ரிகம் யங்கின் இன்னொரு மனைவி இறந்தபோது, அவள் விட்டுப்போன 4 பிள்ளைகளையும் ஸைனாதான் தன் பிள்ளைகளோடு வளர்த்தார். பலதார மணத்தை நான் ஆதரிக்கப்போவதில்லை. அதனால் பெண்கள் பட்ட பாடு அவர்களுடைய நாட்குறிப்புகளிலேயே இருக்கிறது. சபையே 1890ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆனாலும் அந்த வீடுகளில் ஒரு பிள்ளைக்கு அம்மாவும் உண்டு, "ஆன்ட்" என்று கூப்பிட வேண்டிய அப்பாவின் மற்ற மனைவிகளும் உண்டு. வளர்த்தவள், பெற்றவள், பால் கொடுத்தவள் என்று அம்மா பலராக இருந்ததை அந்தச் சமூகம் நன்றாகவே அறிந்திருந்தது. அவர்களுடைய இறையியலில் பரலோகப் பிதாவோடு ஒரு பரலோகத் தாயும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு அம்மா, இருவருக்கும் ஒரே துணியில் ஏப்ரன் என்கிற கணக்கு அங்கே ரொம்பப் பிற்காலத்தது.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? விமர்சனம் எழுதிவிட்டு நகர்வது சுலபம் என்று யாராவது சொல்வதற்கு முன் இரண்டைச் சொல்கிறேன். இரண்டும் அவர்கள் கையில் ஏற்கெனவே இருப்பவை.

ஒன்று, வம்சாவளி. இந்தச் சபை அளவுக்கு வம்சாவளி சேர்த்தவர்கள் உலகத்தில் இல்லை. சால்ட் லேக் நகருக்குப் பக்கத்தில் கருங்கல் மலையைக் குடைந்து அதற்குள் மைக்ரோஃபிலிம் வைத்திருக்கிறார்கள். ஃபேமிலி சர்ச் என்கிற அவர்களுடைய சேவை எல்லோருக்கும் இலவசம். வழக்கமான வம்சாவளிப் படத்தில் அப்பா மேலே, அம்மா கீழே. அதனால் அம்மா, அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று போகிற கோடு தாளின் கீழ் விளிம்பிலேயே ஊர்ந்து போகும். ஒவ்வொரு தலைமுறையிலும் கல்யாணமாகிக் குடும்பப்பெயர் மாறுவதால் தேடுவதும் கஷ்டம். அப்பா வழி ஒரே பெயரில் வழுக்கிக்கொண்டு போகும், இந்த வழி ஒவ்வொரு படியிலும் மாட்டிக்கொள்ளும். ஒரு மாலை முழுக்க அந்தக் கீழ் விளிம்பை மட்டும் தேடினால் என்ன? எத்தனை தலைமுறை போக முடிகிறது என்பதே விளையாட்டு. பத்து வயதுப் பிள்ளைகள் இதில் அம்மாக்களைவிட வேகமாக இருப்பார்கள். அம்மா இல்லாத பிள்ளைக்கும் இந்தக் கோடு உண்டு. அவளோடு உட்கார்ந்து தேடுகிற பெண் யாராக இருந்தாலும், இருவருக்கும் தெரியாததைத்தான் தேடுவார்கள். தத்துப்பிள்ளைக்கு இது சங்கடமாகலாம். அவளிடம் முன்கூட்டியே கேட்டு, எந்தக் கோட்டைப் பிடிக்க விருப்பமோ அதைப் பிடிக்கவிட வேண்டும்.

இன்னொன்று, ஃப்யூனரல் பொட்டேடோஸ். சாவு வீட்டு உருளைக்கிழங்கு என்று சொன்னால் நமக்கு முகம் சுளிக்கும், அங்கே அது செல்ல உணவு. துருவிய உருளைக்கிழங்கு, சீஸ், புளித்த க்ரீம், டப்பாவில் வரும் சிக்கன் சூப், வெண்ணெய், மேலே நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ். எல்லாம் சேர்த்து அவனில் வேகவைப்பது. இறுதிச்சடங்கு முடிந்து வரும் குடும்பத்துக்கு ரிலீஃப் சொசைட்டிப் பெண்கள் கொண்டுபோய் வைக்கும் மதியச் சாப்பாட்டில் இது தவறாது. 2002 சால்ட் லேக் குளிர்கால ஒலிம்பிக்கில் இதை வைத்தும் பச்சை ஜெல்லோவை வைத்தும் நினைவு ஊசிகள் போட்டார்கள், அந்த அளவுக்கு ஊரின் அடையாளம்.

சமையல் குறிப்பு யாருக்கும் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். அதைச் சுற்றியிருக்கும் அறிவு அப்படி வராது. யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பிரசவம் என்று எப்படித் தெரிந்துகொள்வது, யாரைக் கேட்டுவிட்டுப் போவது, எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று எப்படிக் கணிப்பது, பாத்திரத்தின் அடியில் பெயரை ஒட்டிவைப்பது, அழுகிறவளிடம் என்ன பேசுவது, எப்போது பேசாமல் வைத்துவிட்டுத் திரும்புவது. ஒரு வார்டு உயிரோடிருப்பது இந்த அறிவால்தான். அம்மாக்கள் இதில் நிபுணர்கள். மகள்களுக்கு இதை யாரும் முறையாகச் சொல்லித்தருவதில்லை. யோசனைத்தாளில் இதற்கு இடமே இல்லை, காரணம் சாவு ஜாலியான விஷயம் இல்லை. ஆனால் கூடத்தின் பக்கத்திலேயே அதே கட்டடத்தில் சமையலறை இருக்கிறது. எட்டுப் பிள்ளைகள், நான்கு தட்டு உருளைக்கிழங்கு, கையெல்லாம் சீஸ், தரையெல்லாம் கார்ன்ஃப்ளேக்ஸ். சிரிப்புக்கு அதில் பஞ்சமிருக்காது. வெந்ததும் ஒரு தட்டைக் கூடத்திலேயே சாப்பிட்டுவிட்டு, மற்ற மூன்றையும் தூக்கிக்கொண்டு பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், அம்மா பின்னால் நிற்கட்டும். போகிற வழியில் காரில் பிள்ளை கேட்பாள், "அவங்களுக்கு என்ன ஆச்சு?" அம்மா அதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு நகப்பூச்சைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். 1990லிருந்து அமெரிக்க வார்டுகளின் செயல்பாட்டுப் பணம் மேலிடத்திலிருந்துதான் வருகிறது. உறுப்பினர்களிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. அதனால் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்க முடியும். நான்கு தட்டுக்கு உருளைக்கிழங்கும் சீஸும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். நேரத்தை மட்டும் நான்கு மணியிலிருந்து ஏழு மணிக்கு மாற்ற வேண்டியிருக்கும், ஷிஃப்ட் முடிந்து வருகிறவளுக்காக. அழைப்பிதழில் அம்மா என்று போடுவதா வேறு என்ன போடுவது என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது இது: பிள்ளைகள் தாங்களே எழுதட்டும். மேலே பெயருக்கு ஒரு கோடு மட்டும் விட்டுக் கொடுத்தால் போதும், யார் பெயர் என்று அவளுக்குத் தெரியும்.